வரைபடத்திலே பச்சை!

தோழா!

மழை! தூறலன்று, சாரலன்று, கொட்டும் மழை! 1949-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள், வடசென்னை இராயபுரத்தில், இராபின்சன் பூங்காவில் பெய்த மழை அது. முந்தைய நாள் பவளக்காரத் தெருவிலே, நாற்சுவருக்குள் எடுக்கப்பட்ட முடிவை, அன்று அந்தப் பூங்காவிலே நாட்டுக்கு அறிவித்தனர் நம் முன்னோடிகள். வானமே கூரை, தரையே இருக்கை. மழை கலைக்கப் பார்த்தது, மக்கள் கலையவில்லை. திராவிட முன்னேற்றக் கழகம் என்ற பெயர் ஊரறிய ஒலித்தது அங்கேதான்.

இந்தக் கதையை நீ நூறு மேடைகளில் கேட்டிருப்பாய். நானே ஐம்பது மேடைகளில் சொல்லியிருப்பேன். தலைவர்களைப் பற்றிச் சொன்னேன், கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன், மழையைப் பற்றி மழையாகவே பொழிந்திருக்கிறேன். அந்தப் பூங்காவைப் பற்றி மட்டும் ஒரு நாளும் சொன்னேனில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். (வயதில் மூத்தோரையும் 'தோழா, நீ' என்றே அழைத்து எழுதுகிறேன். மேடை தந்த பழக்கம், பொறுத்தருள்க.)

எண்ணிப் பார்! அந்தப் பூங்கா அங்கே இல்லாதிருந்தால்? எவரேனும் ஒரு சீமான் அந்த இடத்தை வளைத்துக் கிடங்கு கட்டியிருந்தால்? "மண்டபம் கிடைத்திருக்காதா?" என்பாய். கிடைத்திருக்கலாம். ஆனால் மண்டபத்துக்கு வாடகை உண்டு. வாயிலுக்குக் கதவு உண்டு. கதவுக்குச் சொந்தக்காரர் உண்டு. சொந்தக்காரருக்கு மேலிடத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்பும் உண்டு! கடைசி நேரத்தில் பூட்டிய மண்டபத்தின் முன்னே நின்ற அனுபவம் உனக்கும் இருக்கும், எனக்கும் இருக்கிறது. பூங்காவை அப்படிப் பூட்டிவிட எந்தச் சீமானாலும் முடியாது. காரணம், அது எந்தச் சீமானுக்கும் சொந்தமன்று. கையில் காசில்லாதவன் கூடுவதற்கு, காற்று வாங்குவதற்கு, காதலிப்பதற்கு, கட்சி தொடங்குவதற்கு இந்த மண்ணில் எஞ்சியிருக்கும் இடம் அது.

வல்லம் வடகாலுக்குப் போய் வந்தேன். அதனால்தான் இந்த எண்ணமெல்லாம்.

வடகால்! எவ்வளவு அழகிய பெயர், பார்த்தாயா? 'கால்' என்ற சின்னஞ்சிறு சொல்லுக்கு நம் தமிழிலே காற்று என்றும் பொருளுண்டு. நீரோடும் வாய்க்கால் என்றும் பொருளுண்டு. பெயரிலே காற்றையும் நீரையும் சுமந்து நிற்கும் அந்த ஊரிலே இன்று தொழிலாளி தேடி அலைவது இரண்டையுந்தான்.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் இன்று ஆலைகளின் அணிவகுப்பு. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருளத் தொடங்கின; 2010-இல் ஒரகடத்திலே ரெனோ-நிசான்; 2015-இல் வல்லம் வடகாலில் யமஹா, 2017-இல் அங்கேயே ராயல் என்ஃபீல்டு. ஏர் ஓடிய மண்ணிலே இன்று எஞ்சின் ஓடுகிறது. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று எண்ணாதே! 'வடக்கே எல்லாம் ஆலை, தெற்கே எல்லாம் பாலை' என்று நெஞ்சு பொருமிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். ஆலை வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். வந்தபோது மகிழ்ந்தவர்கள் நாம். இன்னும் வரட்டும் என்று சொல்பவர்கள் நாம். தென் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து புறப்பட்டு வந்து, தன் உழைப்பில் தன் காலில் நிற்கும் பெண்ணைப் பார்க்கையில், பெரியார் கண்ட கனவிலே ஒரு துண்டு நடந்து போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெண்களுக்காக அதே வல்லம் வடகாலில், சிப்காட் வளாகத்திலே, 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு விடுதி கட்டினார்கள்; 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். எத்தனை பேருக்கு? 18,720 பேருக்கு! தோழா, இது ஒரு விடுதியின் கணக்கன்று. ஒரு சிறு நகரத்தின் கணக்கு. தலைக்கு மேலே கூரை வேண்டும் என்ற நெடுநாள் கேள்விக்குக் கிடைத்த விடை, வரவேற்கிறேன், வாழ்த்துகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்தச் சிறு நகரம் கீழே இறங்கி வெளியே வந்தால் எங்கே போய் உட்காரும்?

இந்தக் கேள்வி எனக்கு எப்படி எழுந்தது தெரியுமா? நாடகம் போட இடம் தேடி! பெரிய நாடகமன்று, நான்கு பேர், ஒரு பறை, அரை மணி நேரம். மேடை வேண்டாம், திரை வேண்டாம். உட்கார இருநூறு பேருக்குத் தரையும், முடிந்தால் ஒரு மரமும் போதும். காலையிலிருந்து சுற்றினேன். ஆலை வாயில்களிலே காவலாளிகள். அவர்களும் தொழிலாளிகள்தாம், ஒப்பந்தத் தொழிலாளிகள். "அண்ணே, இங்க நின்னா எங்க வேலை போயிரும்" என்றார் ஒருவர் கெஞ்சலாக. சாலையோரமா? கண்டெய்னர் லாரி வரிசை. பேருந்து நிழற்குடையா? அதற்குள்ளே நான்கு நடிகர்கள் நின்றால் பார்வையாளர் நெடுஞ்சாலையில் நிற்கவேண்டும்!

பச்சை இல்லாத ஊரா என்றால், இருக்கிறது. மதில்களுக்கு உள்ளே பார்த்தேன்: கத்தரித்த புல், வரிசை பிசகாத மரங்கள், நீர் தெளிக்கும் குழாய்கள். தொழிற்பேட்டை அமைப்போர் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பசுமைக்கு விடவேண்டும் என்பது சுற்றுச்சூழல் அனுமதியோடு நெடுங்காலம் சேர்ந்து வந்த நிபந்தனை. 2025-இல் ஒன்றிய அரசின் அமைச்சகம் அதையும் தளர்த்தியது. அது கிடக்கட்டும். தளர்த்தாத காலத்திலும் அந்தப் பசுமை யாருக்காக இருந்தது? வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய மனிதர் காரிலிருந்து இறங்கும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாக! அந்தப் புல்லின் மீது உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்த தொழிலாளி ஒருவனைக் காட்டு, நான் எழுதுவதை நிறுத்துகிறேன்.

மாலையிலே, வல்லத்துக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஒரு மனைப்பிரிவுக்கு அழைத்துச் சென்றார் உள்ளூர்த் தோழர் ஒருவர். கையிலே மனைப்பிரிவு வரைபடம். வண்ண வண்ண அச்சு. மனைகளுக்கு மஞ்சள், சாலைகளுக்குச் சாம்பல், நடுவிலே ஓர் இடத்துக்கு, ஆகா, பச்சை! அதன் மேலே 'பூங்கா' என்ற எழுத்து. எழுத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டி மரங்கள். "இதோ கிடைத்தது நாடகத் திடல்!" என்று துள்ளினேன். நடந்தோம். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இந்தச் சாலை, அந்தத் திருப்பம், மூன்றாவது முனை. வந்து நின்ற இடத்திலே கண்டது என்ன? தகரக் கொட்டகை ஒன்று. ஒரு பக்கம் ஜல்லிக் குவியல், மறு பக்கம் எம்-சாண்ட் குவியல், நடுவே டிப்பர் லாரி. பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், தோழா: லாரியின் மேலே போட்டிருந்த தார்ப்பாய்!

அந்தப் பச்சைக்குப் பின்னே ஒரு சட்டம் இருக்கிறது. அதை நீ அறிந்திருக்கவேண்டும். வழக்கறிஞருக்கு மட்டும் விட்டுவிடாதே. தமிழ்நாட்டில் எவர் மனைப்பிரிவு போட்டாலும், பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாக உள்ளதில் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியாக விட்டு, உள்ளாட்சியின் பெயருக்குத் தானப்பத்திரம் பதிந்து ஒப்படைத்தே ஆகவேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்டதானால் நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்டலாம்; பத்தாயிரத்துக்கு மேலே அந்தத் தப்பிக்கும் வழியும் கிடையாது. அலுவலகங்களில் இதைத் திறந்தவெளி ஒதுக்கீடு என்பார்கள், ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். தானம் என்று பெயர்தானே தவிர, அது கொடையன்று, கடமை. மனை வாங்கியவர் கொடுத்த விலைக்குள்ளே அந்தப் பூங்காவின் விலையும் அடக்கம். பூங்கா எதிரே உள்ள மனை என்று சொல்லியே கூடுதல் விலைக்கு விற்றவர்களும் உண்டு அல்லவா?

பத்திரம் பதிவாகிறது. பதிந்த பத்திரம் அலமாரிக்குப் போகிறது. அலமாரிக்குச் சாவி உண்டு; பத்திரத்துக்கு நினைவு கிடையாது. வேலி இல்லை, பலகை இல்லை. முதலாண்டு முள்செடி முளைக்கிறது. இரண்டாமாண்டு ஒருவர் மாடு கட்டுகிறார். மூன்றாமாண்டு ஜல்லி இறங்குகிறது. ஐந்தாமாண்டு மின் இணைப்பு. அதற்கப்புறம், "காலங்காலமாக எங்கள் அனுபோகம்" என்று ஒரு மனு! களவு என்றால் இரவில் நடக்கும், சுவரேறிக் குதித்து நடக்கும் என்று நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன் நான். நண்பகலில், நாலு பேர் பார்க்க, நாளொன்றுக்கு நாலு கூடை ஜல்லியாகவும் அது நடக்கும் என்று கற்றுக்கொண்டேன்.

உடனே உன் சினம் ஒரு கயவனைத் தேடும். நாடகத்துக்கு அது வசதி. அரசியலுக்கு அது போதாது. பூங்காக்களை அழித்தவர்கள் எல்லாரும் கயவர்கள் அல்லர், தோழா. பெரும்பாலும் நல்லவர்களே அழித்திருக்கிறார்கள், நல்ல காரியங்களுக்காகவே அழித்திருக்கிறார்கள். சென்னையிலே ஒரு பூங்கா இருந்தது. மக்கள் பூங்கா என்று பெயர். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவலியன் முனைந்து உருவாக்கியது. 116 ஏக்கர்! குளங்கள், பாதைகள், பாண்டு வாசிக்க மேடை, விலங்குக் காட்சிச்சாலை. எங்கே இருந்தது என்கிறாயா? நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் அதை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள்! சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்திலே. பொதுக்கூடம் இல்லையே என்று விக்டோரியா மண்டபத்துக்கு ஒரு பகுதி கொடுத்தார்கள். அங்காடி வேண்டுமே என்று 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. மாநகராட்சிக்கு மாளிகை வேண்டுமே என்று 1913-இல் ரிப்பன் கட்டடம். இளைஞர் விளையாட வேண்டாமா என்று விளையாட்டரங்கம். 1985-இல் விலங்குகள் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. அதே ஆண்டு மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்து போனது, அந்த இடம் இரயில்வேக்குப் போயிற்று. எதைத் தவறென்பாய்? மண்டபம் தவறா? மாநகராட்சி தவறா? விளையாட்டு தவறா? இரயில் தவறா? ஒவ்வொன்றும் நல்ல காரியம். எல்லாம் சேர்ந்து முடிந்தபோது, மக்களின் பெயரைத் தாங்கிய பூங்காவில், பூங்கா என்று சொல்ல மூலையிலே ஒரு தோட்டம் மிச்சம்!

கிண்டியும் அப்படியே. காடாக இருந்த நிலத்திலிருந்து உயர்கல்விக்கு ஒரு பங்கு, ஐ.ஐ.டி. வந்தது. தியாகிகளைப் போற்ற ஒரு பங்கு. 1956-இல் காந்தி மண்டபம், அதன்பின் ராஜாஜிக்கு, காமராசருக்கு. பெரியவர்கள் எல்லாம் பெரியவர்களே, மறுக்கவில்லை. காட்டை 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகே அந்தக் கை நின்றது.

பிறரைச் சொன்னால் போதுமா? நம்மவர் கணக்கையும் சொல்லவேண்டுமல்லவா? நீதிக்கட்சி ஆட்சியிலே, 1920-களில், தியாகராயநகர் எழுந்தது மாம்பலத்துப் பேரேரியின் மேலேதான். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்திலேதான். ஒப்புக்கொள்வோம். ஒன்றையும் கூடவே சொல்வேன்: ஏரி மேலே ஊர் கட்டிய அந்த முன்னோர்கள் நடுவிலே ஒரு பூங்கா விட்டார்கள்; பனகல் அரசரின் பெயரைத் தாங்கி அது இன்றும் நிற்கிறது. நகை வாங்கவும் புடவை வாங்கவும் வந்து கால் கடுத்தவர்கள் இன்றும் அங்கே காலாற உட்காருகிறார்கள். நாம் வல்லம் வடகாலில் எந்தப் பனகல் பூங்காவை விட்டுச் செல்லப்போகிறோம்?

"வேலை முக்கியமா, பூங்கா முக்கியமா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் நாடகக்காரன், அந்தக் காட்சியை எழுதியே காட்டுகிறேன்.

செல்வர்: பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு கட்டடம் எழுப்பினால் நூறு பேருக்கு வேலை!

தொழிலாளி: ஐயா, தங்கள் மாளிகை முன்னே இருக்கும் புல்வெளியில் எழுப்பினால் எத்தனை பேருக்கு வேலை?

செல்வர்: அது... என் குழந்தைகள் விளையாடும் இடமாயிற்றே!

தொழிலாளி: ஆம் ஐயா. இது என் குழந்தை விளையாடும் இடம்.

திரை. இதற்கு மேல் வசனம் வேண்டியதில்லை.

பெங்களூரில் நடந்ததைக் கேள். அங்கே இராஜமகால் விலாசப் பகுதியில் பூங்காவுக்கென்று விடப்பட்ட இடத்தை, முதலமைச்சரின் பரிந்துரைமீது, தனியார் அறக்கட்டளை ஒன்றுக்கு மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். மருத்துவமனை! அதைவிட நல்ல காரியம் உண்டா? அக்கம்பக்கத்தார் வழக்குமன்றம் ஏறினார்கள். "உங்களுக்கு என்ன நட்டம்? வழக்குத் தொடுக்க உங்களுக்கு என்ன உரிமை?" என்று கேட்டது எதிர்த்தரப்பு. 1991-இல் உச்சநீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது: ஒதுக்கீடு செல்லாது, பூங்கா இழந்தால் நட்டம் அங்கே வாழ்பவருக்கே, ஆகவே வழக்காடும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. மறவாதே, அது பெரிய கட்சி தொடுத்த வழக்கன்று; தெருவில் குடியிருந்தவர்கள் தொடுத்தது.

நம் சட்டமன்றமும் சும்மா இருக்கவில்லை. 1959-ஆம் ஆண்டிலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றியது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம்; மாற்றாரின் ஆட்சி; ஆனாலும் நல்ல சட்டம். உள்ளாட்சி தன் எல்லையிலுள்ள பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும்; பட்டியலேறியதை அரசின் முன் அனுமதியின்றி வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது. பட்டியல்! அந்த ஒரு சொல்லிலே இருக்கிறது சூட்சுமம். பட்டியலில் ஏறினால் உயிர், ஏறாவிட்டால் ஜல்லி. அச்சட்டம் நகரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வல்லம் வடகாலோ பெயரளவில் ஊராட்சி, வாழ்வளவில் நகரம். 2022-இல் சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்தபோது திருப்பெரும்புதூர் வட்டாரமும் அதற்குள்ளே வந்தது. நகரத்தின் நெரிசல் முன்னதாகவே வந்துவிட்டது. நகரத்தின் பூங்காதான் இன்னும் வந்து சேரவில்லை.

பழைய ஊருக்குப் பூங்கா தேவைப்படவில்லை. மந்தைவெளி இருந்தது, ஏரிக்கரை இருந்தது, தோப்பு இருந்தது, மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. எல்லாருக்கும் உரிய நிலத்துக்குத்தான் புறம்போக்கு என்று பெயர், அதையே வசைச்சொல்லாக்கிவிட்டோம்! அந்த வெளிகள் தொழிற்பேட்டைக்கும் மனைப்பிரிவுக்கும் போனபின்னே, எஞ்சியது அந்தப் பத்தில் ஒரு பங்குதான். அதிலும் ஜல்லி கொட்டினால்?

2021 டிசம்பரை நினைத்துப் பார். விடுதி உணவு நஞ்சாகித் தோழியர் பலர் நோயுற்றார்கள் என்றதும், ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையிலே! போக்குவரத்து நின்றது என்று புலம்பினார்கள் பலர். உட்கார்ந்து பேச ஒரு திடல் அவர்களுக்கு விடப்பட்டிருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கூடியிருந்த பந்தலே சிக்கலாயிற்று, பந்தலைப் பிரித்தார்கள். அன்று நடந்ததில் எது சரி, எது தவறு என்ற வாதத்துக்கு இப்போது நான் வரவில்லை. நம் கட்சிக்குள்ளேயே அதைப்பற்றி இரு கருத்துண்டு, நீ அறிவாய். நான் கேட்பது வேறு. இராபின்சன் பூங்காவில் கூடியவர்களின் பேரப்பிள்ளைகள், கூடுவதற்கு இடமின்றிப் பந்தல்கால் நட்டு நிற்கும் நிலை ஏன் வந்தது?

கடல் கடந்தும் இதே கதை உண்டு. இங்கிலாந்திலே மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்கள், ஞாயிறன்று மூச்சுவிட மலைப்புறம் போனால், வேட்டைப் பறவை வளர்க்கும் பிரபுக்களின் காவலர்கள் விரட்டுவார்கள். 1932 ஏப்ரல் 24-இல், மோட்டார் பட்டறையில் உழைத்த 20 வயது இளைஞன் பென்னி ராத்மன் முன் நடக்க, சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் மேட்டின் மீது ஏறினார்கள். நடந்தார்கள், அவ்வளவே! அதற்குச் சிறை, ராத்மனுக்கு நான்கு மாதம். ஆனால் விதைத்தது முளைத்தது. தேசியப் பூங்காக்களுக்கும் மக்கள் நடைபோடும் உரிமைக்கும் வழி செய்து அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எந்த ஆண்டு? 1949! நம் மழை பெய்த அதே ஆண்டு.

நம்மூரிலும் வெற்றி இல்லாமலில்லை. சென்னையில் கதீட்ரல் சாலையிலே தனியார் கையிலிருந்த அரசு நிலம் மீட்கப்பட்டு 2010-இல் செம்மொழிப் பூங்கா ஆயிற்று. கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலை எடுத்துக்கொள்: 160 ஏக்கர், 1945-இல் 99 ஆண்டுக்குக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்! ஒரகடத்திலே ஒரு கட்டிலுக்கு ஒரு மாதத்துக்குத் தொழிலாளி கொடுக்கும் வாடகை இதைவிட அதிகம், தோழா. 2024 செப்டம்பரில் அந்தக் குத்தகையை அரசு முறித்தது. 118 ஏக்கரில் பூங்கா அமைக்கவும், வெள்ளநீர் தேங்கக் குளங்கள் வெட்டவும் முனைந்தது. வழக்குகள் தொடர்ந்தன, தொடரும். ஆயினும் மீட்கலாம் என்பது மெய்ப்பட்டது. குதிரை ஓடிய இடத்தைக் கேட்கும் துணிவு வந்த நமக்கு, டிப்பர் லாரி நிற்கும் இடத்தைக் கேட்கும் துணிவு வராதா?

இங்கேதான், தோழா, என் பேனா சற்றுத் தயங்குகிறது. இதுவரை எழுதியது எளிது.

அந்தத் தகரக் கொட்டகை யாருடையது என்று நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. கொட்டகையின் முகப்பிலே நம் கொடி பறந்தது. அன்று நண்பகல் எந்த வீட்டிலே எனக்கு வாழையிலை விரித்து, வற்புறுத்தி வற்புறுத்திச் சோறிட்டார்களோ, அந்த வீட்டுக்காரருடையது கொட்டகை. ஒப்பந்தக்காரர், கழகத்துக்காகச் சிறை சென்றவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். வரைபடத்தைக் காட்டிக் கேட்டேன். முதலில் நகைத்தார். "தம்பி, முள்ளுக்காடாக் கிடந்த இடம். பாம்பு அடையும். நான்தான் சுத்தம் பண்ணினேன். யார் கேட்டாங்க?" என்றார். பிறகு, "மூலையில நம்ம படிப்பகம் ஒண்ணு கட்டிடலாம்னு இருக்கேன். அண்ணா சிலையும் வெச்சிடலாம்" என்றார், என் முகத்தை உற்றுப் பார்த்தபடி.

படிப்பகம்! சிலை! பார், நல்ல காரியம் எப்படி ஓடி வருகிறது! எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இதைச் செய்திருந்தால், நாளேட்டின் முதல் பக்கத்தில் நான்கு பத்திச் செய்தி, கண்டன ஆர்ப்பாட்டம், மைக்கின் முன்னே நான். நம்மவர் என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது எனக்கு. ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். பேருந்து நிறுத்தம் வரை உடன் வந்தவர் விடைபெறக் கை கூப்பியபோதுதான் வாய் திறந்தது. "ஐயா, இராபின்சன் பூங்காவிலே அன்று ஒருவர் ஜல்லி கொட்டியிருந்தால் நீங்களும் இல்லை, நானும் இல்லை" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பேருந்து வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். "எழுதப்போறியா?" என்றார். "ஆம்; பெயர் இல்லாமல்" என்றேன். "லாரியை எடுத்துடறேன். கொட்டகைக்குக் கொஞ்சம் நாள் கொடு" என்றார்.

நாள் கொடுக்க நான் யார்? இடம் என்னுடையதன்று, கட்சியுடையதுமன்று. ஊராட்சியின் பெயரில் தானப்பத்திரம் பதிவான இடம். கேட்கவேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்கள்.

ஆகவே கிளைக் கழகத் தோழர்களை நான் கேட்பது இதுதான். உன் ஊராட்சி அலுவலகத்துக்குப் போ. தானமாக வந்த பொது வெளிகளின் பட்டியலைக் கேள். தர மறுத்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடு. கிராமசபை கூடும்போது எழுந்து நின்று அந்தப் பட்டியலை உரக்கப் படி, தீர்மானம் கொண்டுவா, நிலத்தின் முன்னே பலகை நடு. பலகையிலே தலைவர் படம் வேண்டாம், உன் பெயரும் வேண்டாம். பத்திர எண்ணும் பரப்பும் போதும். ஆக்கிரமித்தவர் மாற்றாராயின் குரலை உயர்த்தத் தெரியும் உனக்கு. நம்மவராயின், முதலில் அவர் வீட்டுக்குப் போ. உணவு உண்ணுமுன் போ!

வல்லம் வடகாலில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, முறை முடிந்து வரும் தொழிலாளத் தோழியர் சிலரும், அந்த மனைப்பிரிவில் குடியிருப்போரும், நானும் வரைபடத்தோடு நிற்போம். முதலில் அளப்பது, நாடகம் அப்புறம். கொட்டகைக்காரத் தோழரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிறாரா என்று பார்ப்போம். அளவு நாடாவை நான் கொண்டுவருகிறேன். மறு முனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.